ஆன்லைன் பயிற்சி விற்க வருகிறவர்களிடம் முதலில் ஜிப் ஃபைலைக் கேளுங்கள்

திருப்பூரில் எக்ஸ்போர்ட் யூனிட் வைத்திருப்பவர்கள், அங்கே ஹெச்.ஆர்., கம்ப்ளையன்ஸ் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். "தொழிலாளர் பயிற்சி முழுக்க ஆன்லைன், ஆடிட் ரிப்போர்ட் ஒரே கிளிக்கில்" என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் அவிநாசி ரோட்டிலிருந்து பல்லடம் ரோடு வரை கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறது. எங்கள் யூனிட்டில் வரியோடு சேர்த்து நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போனது. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன். அதே வேலையை வேறு யார் செய்தாலும் அடையாளம் தெரியும்.

தேவை உண்மையானதுதான். பையர்கள் (நம்மிடம் சரக்கு வாங்கும் கம்பெனிகள்) கேட்கும் ஸ்மெட்டா, எஸ்.ஏ. 8000 போன்ற தொழிலாளர் நல ஆடிட்களில் தீ பாதுகாப்புப் பயிற்சி நடந்ததா, பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் பற்றித் தொழிலாளர்களுக்குச் சொன்னீர்களா என்று கட்டாயம் பார்ப்பார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் லைனை நிறுத்தி முந்நூறு பேரை உட்கார வைக்க முடியாது. பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்காரர்கள். நான்கு டேப்லெட் வைத்து, ஓய்வாக இருக்கும்போது ஐந்தாறு பேராக அவரவர் மொழியில் பார்க்கட்டும் என்பது நல்ல யோசனை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டெமோவில் காட்டியது ஒரு தையல் கூடம். தமிழ்க் குரல் தெளிவாக இருந்தது, ஒடியாவுக்கு ஒரு பட்டன் இருந்தது. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பணம் கட்டிய பிறகு வந்தது வேறு. கண்ணாடிக் கட்டடம், தரையில் கார்பெட், டை கட்டியவர்கள் வரிசையாகப் படியிறங்குகிறார்கள். தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறாதீர்கள் என்பதற்கு ஒரு முழு ஸ்லைடு. எங்களுடையது தரைத்தள ஷெட். எங்களுக்குப் பயம் கட்டிங் டேபிளுக்கு அடியில் சேரும் வேஸ்ட் துணி, மோட்டாரில் படியும் பஞ்சு, அயர்ன் டேபிள் வயர், துணி ரோலை அடுக்கி அடைத்துவிடும் பின்வாசல் இவைதான். இதில் ஒன்றைப் பற்றியும் அந்தப் பாடத்தில் பேச்சே இல்லை. கடைசி ஸ்லைடில் அவசர எண் 911 என்று போட்டிருந்தது, அமெரிக்காக்காரர்களுக்குச் செய்ததை அப்படியே தூக்கி வந்திருக்கிறார்கள். 101, 112 என்று மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். "சேஞ்ச் ரிக்வெஸ்ட்" என்று 7,500 ரூபாய்க்குக் கொட்டேஷன் வந்தது. நாங்களே மாற்றிக்கொள்கிறோம், ஸ்டோரிலைன் (பாடம் தயாரிக்கும் மென்பொருள்) மூல ஃபைலைக் கொடுங்கள் என்றால், அது அவர்கள் அறிவுச்சொத்தாம்.

பாலியல் தொல்லைப் பாடம் இதைவிட மோசம். தொல்லை நடந்தால் "உங்கள் மேலாளரிடம் தெரிவியுங்கள்" என்று சொல்லிக்கொடுக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகாரை அந்தக் குழுவிடம் கொடுக்க வேண்டும். தொல்லை கொடுப்பவரே லைன் சூப்பர்வைசராக இருந்தால் அந்தப் பெண் யாரிடம் போவாள்? குழு உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் பாடத்தில் எங்கும் இல்லை. போட்டாலும் உறுப்பினர் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு, ஆள் மாறும்போதெல்லாம் இன்னொரு 7,500.

சரி, ரிப்போர்ட்டாவது வந்ததா? வந்தது, எல்லோருக்கும் பச்சை டிக். அதில்தான் சந்தேகமே வந்தது. நானே ஒரு ஐடியில் நுழைந்து, முதல் ஸ்லைடு முழுதாக வருவதற்குள் மூடிவிட்டுப் பார்த்தேன். "முடித்தார்" என்று காட்டியது. இந்தப் பாடங்கள் ஸ்கார்ம் என்ற முறையில் ஓடுகின்றன. படித்தவர் முடித்தாரா, தேறினாரா, பாதியில் விட்டாரா என்ற நிலையைப் பாடம்தான் தளத்துக்கு (பாடத்தை ஓட்டிக் கணக்கு வைக்கும் மென்பொருளுக்கு) சொல்லும், தளம் தானாகக் கண்டுபிடிக்காது. திறந்தவுடனேயே "முடிந்தது" என்று அனுப்பும்படி செய்துவிட்டால் ரிப்போர்ட் எப்போதும் நூறு சதவீதம்தான்.

ஆனால் ஆடிட்டர் ரிப்போர்ட்டோடு நிற்பதில்லை. தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டும் பேசுவார். எங்கள் செக்கிங் அக்கா ஒருவரிடம், தீப்பிடித்தால் எப்படி வெளியே போவீர்கள் என்று கேட்டிருக்கிறார். "லிஃப்ட்ல மட்டும் போகக் கூடாதுங்க சார்" என்று அவர் பட்டென்று சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, பாடத்தை ஒழுங்காகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பின்வாசல் எங்கே என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதில் இல்லை. பயிற்சி பயனற்றது என்று ஆடிட்டர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். திரும்பப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று லைனில் சொன்னபோது அந்த அக்கா கேட்டது: "அதான் பச்சை டிக் வந்துருச்சுங்களே மேடம், மறுபடி எதுக்குங்க?"

அடுத்து லைசென்ஸ் கணக்கு. ஆளுக்கு ஆண்டுக்கு 650 ரூபாய், குறைந்தது 500 பேருக்கு எடுக்க வேண்டும். எங்களிடம் ஒரே நேரத்தில் 300 பேருக்கு மேல் இருந்ததில்லை, ஆகவே தாராளம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு பெயரைப் பதிந்தால் ஒரு லைசென்ஸ் தீர்ந்தது. அந்த ஆள் நின்றுவிட்டாலும் அது அடுத்த ஆளுக்கு மாறாது. பனியன் கம்பெனியில் ஆள் எப்படி மாறுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், சத் பூஜைக்குப் போகிற பீகார் பையன்கள், இவர்களில் ஒரு பகுதி திரும்புவதே இல்லை. பொங்கலுக்குள் ஐநூறும் காலி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மீண்டும் பணம் கட்டு என்றார்கள். இந்த நிபந்தனை நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இல்லை. "எங்கள் இணையதளத்தில் உள்ள விதிமுறைகளும் பொருந்தும், அவை அவ்வப்போது மாறலாம்" என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வரி எந்த ஒப்பந்தத்தில் இருந்தாலும் அடித்துவிட்டு, விதிமுறை முழுவதையும் அச்சடித்து இணைக்கச் சொல்லுங்கள்.

இவர்களே வேண்டாம், பாடத்தையாவது எடுத்துக்கொண்டு வெளியே வருவோம் என்று முடிவு செய்தோம். "கன்டென்ட் உங்களுடையது, எந்தத் தளத்திலும் ஓடும்" என்று அவர்கள் எழுதிய மெயில் இருக்கிறது. எங்கள் சிஸ்டம் பையன் அதற்காக மூடில் போட்டு வைத்தான். (ஆன்லைன் பாடங்களை ஓட்டும் இலவச மென்பொருள், 2002 முதல் இருக்கிறது. இவர்கள் "ஐந்து வருடம் உழைத்து உருவாக்கிய சொந்தத் தளம்" என்று விற்றதும் மூடில்தான். பிரவுசரில் குக்கியை (தளம் அங்கே விட்டுவைக்கும் சிறு பதிவு) திறந்தால் "மூடில் செஷன்" என்று பெயரோடு உட்கார்ந்திருந்தது. மூடிலைப் போட்டுக் கொடுத்துக் காசு வாங்குவது தப்பில்லை, சொந்தத் தயாரிப்பு என்று சொன்னதுதான் பொய்.) நெடுநாள் இழுத்தடித்துவிட்டு ஜிப் ஃபைல்களை அனுப்பினார்கள். மூடிலில் ஏற்றினோம், ஓடியது. கணக்கைத் தீர்த்துவிட்டோம்.

சந்தா முடிந்த மறுநாள் எல்லாப் பாடமும் வெள்ளைத் திரை.

அப்போதுதான் பையன் ஜிப்பைத் திறந்து பார்த்தான். ஒவ்வொன்றும் 14 கேபி. குரலும் படமும் உள்ள பாடம் பொதுவாகச் சில எம்பியாவது இருக்கும். உள்ளே இருந்தது ஒரு மேனிஃபெஸ்ட் ஃபைல் (உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல்), ஒரு வெற்று ஹெச்டிஎம்எல் பக்கம், நான்கு வரி ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட் செய்வது ஒரே வேலை, அவர்கள் சர்வரிலிருந்து பாடத்தைக் கூப்பிட்டுத் திரையில் காட்டுவது. சந்தா தீர்ந்ததும் அங்கே மூடிவிட்டார்கள். இந்த முறைக்கு டிஸ்பேட்ச் என்று பெயர். பாடத்தை வாடகைக்குக் கொடுப்பவர்கள் நேர்மையாகவே பயன்படுத்துவதுதான். வாடகை என்று சொல்லிக் கொடுத்தால் சண்டையே இல்லை, சொந்தம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு இதைச் செய்கிறார்கள். யார் எதைப் படித்தார் என்ற பழைய பதிவுகளும் அவர்கள் தளத்தோடு போயின. கையில் இருப்பது பிடிஎஃப் மட்டும்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று பலர் கேட்டார்கள். 2019 சட்டத்தில், வணிக நோக்கத்துக்கு வாங்கும் சேவைக்கு நாம் "நுகர்வோர்" ஆக மாட்டோம். சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழில் செய்கிறவருக்குத்தான் விலக்கு. ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் வடக்கே ஒரு நகரத்தில் என்று இருக்கிறது. போய்வரும் செலவும் வக்கீல் ஃபீஸும் சேர்த்தால் போன பணத்தைத் தாண்டும், அது அவர்களுக்கும் தெரியும். இதற்கு நடுவில் அவர்கள் போட்ட ஒரு இன்வாய்ஸ் எங்கள் ஜிஎஸ்டிஆர் 2பியில் (விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து நமக்கு வரும் ஜிஎஸ்டி பட்டியல்) வரவேயில்லை. நாங்கள் கட்டிய 18 சதவீதத்துக்குக் வரிக் கிரெடிட் எடுக்க முடியாமல் எங்கள் கணக்கு ஆடிட்டர் ஆபீஸில் ஒரு தனிப் பஞ்சாயத்து.

ஆகவே யாராவது டேப்லெட்டோடு வந்தால், பணம் பேசுவதற்கு முன்பே ஒரு பாடத்தின் ஜிப்பை வாங்கி உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை எம்பி என்று பாருங்கள். நெட்டைத் துண்டித்துவிட்டு, அதே கம்ப்யூட்டரில் போட்ட மூடிலில் ஓட்டச் சொல்லுங்கள். திறந்த உடனே மூடிவிட்டு ரிப்போர்ட்டைக் கேளுங்கள். லைசென்ஸ் ஆள் மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸ் கால்வாசிக்கு மேல் வேண்டாம், மீதி உங்கள் ஷெட்டின் படமும் உங்கள் குழுவின் பெயரும் உள்ள பாடம் வந்த பிறகு. மூல ஃபைல் தராதவர் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் அந்த மீதிப் பாதி சேஞ்ச் ரிக்வெஸ்டில் போய்விடும்.

நாங்கள் இப்போது போனில் எடுத்த வீடியோக்களை வைத்து ஓட்டுகிறோம். கட்டிங் மாஸ்டர் பின்வாசலைக் காட்டிப் பேசுகிறார், ஒடியாவில் எங்கள் ஓவர்லாக் டெய்லர் ஒருவரே பேசியிருக்கிறார். படம் ஆடுகிறது, பின்னால் மெஷின் சத்தம். பார்த்து முடித்த கையோடு சூப்பர்வைசர் அவர்களை அழைத்துக்கொண்டு போய்த் தீயணைப்பானை எடுக்கச் சொல்லிப் பார்க்கிறார்.

அந்த 14 கேபி ஜிப் எங்களிடம் அப்படியே இருக்கிறது. உங்களுக்கு வந்த ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், அனுப்புகிறேன். ஏற்கெனவே சந்தாவில் மாட்டியிருப்பவர்கள், அது முடிவதற்குள் பயிற்சிப் பதிவுகளை எக்செலாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.