இடது பக்கத்து ஸ்க்ரூ

"அந்த ரெண்டு ஸ்பீடு கியர்பாக்ஸ் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமாண்ணே?" போன வாரம் சிங்கப்பூர் தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் கேட்டார். அவர் மகன் இந்த வருடம்தான் பள்ளி ரோபோ அணியில் சேர்ந்திருக்கிறான். வேலை முடிந்து நான் உதவப் போகும் அணி மூன்று வருடமாக அதைத்தான் ஓட்டுகிறது, ரோபோவின் இடது பக்கச் சக்கரங்களுக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. அன்று பாதி பதில்தான் சொன்னேன், மீதி இங்கே.

பல்சக்கரங்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கோர்த்துக்கொள்ளும் பற்களின் முனை இன்னும் மழுங்கவில்லை. முழு வேகத்தில் மாற்றினாலும் ஒரே 'டக்', அவ்வளவுதான்.

என் கோபமெல்லாம் ஒரு ஸ்க்ரூ மேல். கியரை மாற்றும் தண்டு சக்கரத்தோடு சுழலும், அதைத் தள்ளி இழுக்கும் காற்றுச் சிலிண்டர் சுழலாது. நடுவில் ஒரு குட்டி பேரிங். அதைத் தண்டோடு பிடித்து வைப்பது 4-40 என்கிற அங்குல அளவு ஸ்க்ரூ, விட்டம் 2.84 மி.மீ. மூன்று வருடத்தில் நான்கு முறை உடைந்தது. நான்கும் இடது பக்கம்!

"12.9 ஸ்க்ரூ போடுங்க" என்றார்கள் எல்லாரும், அதாவது ரொம்ப உறுதியான எஃகு ரகம். போட்டோம், அதுவும் உடைந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 20 மி.மீ. சிலிண்டர் 4 பார் அழுத்தத்தில் இழுப்பது 13 கிலோவுக்கு மேல் போகாது. சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவே 150 கிலோவுக்கு மேல் தாங்கும். அப்புறம் எப்படி உடையும்?

உடைந்த துண்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். முக்கால் பாகம் வழுவழுவென்று பிறை பிறையாகக் கோடுகள், ஓரத்தில் மட்டும் சொரசொரப்பு. ஒரே இழுப்பில் போனதல்ல, கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டுப் போனது. பேரிங் லேசாக இறுகினாலே ஸ்க்ரூவின் தலையைத் திருகப் பார்க்கும். இரண்டு கியர்பாக்ஸும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருப்பதால், ரோபோ முன்னே ஓடும்போது வலது ஸ்க்ரூ இறுகும், இடது கழலும். அரைச்சுற்று கழன்றாலே போதும், ஒவ்வொரு 'டக்'குக்கும் முதல் மரையில் அடி விழும். ஓடுவது பெரும்பாலும் முன்னேதான்! இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. செய்தவர்களுக்கு வரைபடத்திலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

மாற்று ஸ்க்ரூவுக்கு ஜாலான் புசாரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். எங்கும் 3 மி.மீ., 4 மி.மீ. மெட்ரிக் ஸ்க்ரூக்களான எம்3, எம்4தான். எம்3க்கு மரை வெட்ட 2.5 மி.மீ. துளை போதும், ஆனால் அங்கே பழைய மரை ஏற்கெனவே 2.84 வரை தின்றிருக்கிறது, புதுசு பிடிக்காது. எம்4க்கு 3.3 மி.மீ. துளை, பழைய மரை மொத்தமும் போய்விடும். அதையே செய்தோம். 4 மி.மீ. உள்துளை பேரிங், எண்ணெய் துடைத்த மரையில் ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரே ஒரு சொட்டு (கூடினால் பேரிங்குக்குள் இறங்கிப் பூட்டிவிடும்), ஒரு ராத்திரி காயவிட்டோம். தலையில் வெள்ளைப் பெயின்ட் கோடு. எட்டு மாதமாகக் கோடு நகரவில்லை.

அதனால் வாங்கலாமா? வேண்டாம். இன்னும் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். போட்டிக்கு நடுவில் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளின் முகம் எனக்கு மறக்காது.

"அப்போ உங்களோடதைக் குடுத்துடுங்களேன், நூறு வெள்ளி தரேன்" என்றார் நண்பர். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.