ஆண்டு பயணக் காப்பீடு: நான்கு வருட அனுபவம்

திருப்பூரில் சிறிய அளவில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். பையர்களைப் பார்க்க ஜெர்மனி, பிரான்ஸ், துபாய் என்று வருடத்துக்கு ஆறேழு தடவை போக வேண்டியிருக்கிறது. முன்பு ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக இன்சூரன்ஸ் எடுப்பேன். 2022-ல் ஆண்டு பாலிசிக்கு மாறினேன்.

முதலில் கணக்கு. தனிப் பயணத்துக்கு எனக்குச் சராசரியாக 1,400 ரூபாய் ஆகிவந்தது. ஆண்டு பாலிசிக்கு முதல் வருடம் 6,200 கட்டினேன். அப்படியென்றால் ஐந்தாவது பயணத்தில்தான் லாபம் தொடங்குகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை போகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. அமெரிக்கா போகாதவர்கள் அமெரிக்கா, கனடா நீங்கலான திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கே மருத்துவச் செலவு அதிகம் என்பதால், அந்த இரண்டையும் சேர்த்தால் பிரீமியம் எகிறிவிடும்.

பிரீமியத்தை மட்டும் பார்த்து நான் செய்த தவறு ஒன்று உண்டு. ஆண்டு பாலிசி என்றால் 365 நாளும் வெளியே இருக்கலாம் என்று நினைத்துவிட்டேன். ஒரு பயணத்துக்கு இத்தனை நாள் என்று வரம்பு இருக்கிறது. என்னுடையது 30 நாள். ஐரோப்பாவில் ஒரு தடவை வேலை இழுத்து 34 நாள் ஆனது. கடைசி நான்கு நாளும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் சுற்றியிருக்கிறேன் என்பதே ஊருக்கு வந்து தாளைப் படித்தபோதுதான் தெரிந்தது. அடுத்த வருடமே 45 நாள் திட்டத்துக்கு மாறினேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட், "அண்ணா, அதை எழுத வேண்டாங்க, பிரீமியம் ஏறும்" என்றார். மனசு கேட்கவில்லை, எழுதினேன். இரண்டாம் வருடம் ஜெர்மனியின் டசல்டார்ஃபில் நடுராத்திரி இடுப்பில் தாங்க முடியாத வலி. சிறுநீரகக் கல். பாலிசியில் இருந்த உதவி எண்ணுக்கு உடனே போன் செய்து பதிவு எண் வாங்கினேன். தங்கிச் சிகிச்சை எடுக்காததால் 640 யூரோவை நானே கட்டும்படி ஆனது. திரும்பி வந்து கிளைம் போட்டபோது, நிறுவனம் முதலில் கேட்டதே என் பழைய மருத்துவச் சீட்டுகளைத்தான். சர்க்கரையை மறைத்திருந்தால் அதையே காரணமாகக் காட்டியிருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். ஏழு வாரம் இழுத்தடித்தார்கள், நான்கு தடவை ஒரே ரசீதைக் கேட்டார்கள். அது எரிச்சல்தான். கடைசியில் நம் பங்காக விதித்திருந்த 100 டாலரைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும்தான் இந்தப் பாலிசி கைகொடுக்கும்.

பெட்டி தாமதம் எனக்கு ஒரு தடவைதான் நடந்தது. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் விமான நிறுவனத்திடம் புகார்ச் சீட்டு வாங்கியிருந்ததால் மாற்றுத்துணி வாங்கிய காசு வந்தது. உள்ளே இருந்த சாம்பிள்களுக்கு ஒன்றும் கிடையாது, வியாபாரச் சரக்கு இதில் சேராது.

அப்புறம், ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பலமுறை போகும் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது முதல் பயணத்துக்கான காப்பீட்டைத்தான் காட்டச் சொல்வார்கள். அடுத்த பயணங்களுக்கு நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். என் தொழில் நண்பர்கள் நிறையப் பேர் விசா கையில் வந்ததும் இதை மறந்துவிடுகிறார்கள். ஆண்டு பாலிசியில் எனக்குப் பிடித்ததே, டிக்கெட் போடும் அவசரத்தில் இதை நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான். முடிவு தேதியை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். ஊரில் இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும், கிளம்பிய பிறகு என் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் எடுக்க முடியாது.

இந்த வருடம் பிரீமியம் 7,900 ஆகிவிட்டது. 30 நாள் திட்டத்துக்கே திரும்பினால் 1,100 ரூபாய் மிச்சம் என்றார் ஏஜென்ட். வேண்டாம் என்றுவிட்டேன்.