‘நான்-டெய்ரி சீஸ்’ என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

பால் அலர்ஜி உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

என் மகளுக்கு ஆறு வயது. பசும்பால் புரதம் அவளுக்கு ஆகாது. ஒரு ஸ்பூன் தயிர் உள்ளே போனாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். போன மாதம் அவள் தோழியின் பிறந்தநாளை ஒரு பீட்சா கடையில் வைத்திருந்தார்கள். வாசலிலேயே ‘லாக்டோஸ் ஃப்ரீ, நான்-டெய்ரி சீஸ் கிடைக்கும்’ என்று பலகை. நான்-டெய்ரி என்றால் பால் சேராதது. ஆர்டர் எடுத்த பையனிடம் இரண்டு முறை கேட்டேன். “தம்பி, பாப்பாவுக்குப் பால் அலர்ஜி. இதில் பால் துளிகூட இருக்காதே?”

“இருக்காதுக்கா, அது வேற சீஸ்.”

பீட்சா வந்தது. அவள் முதல் துண்டை எடுத்தபோது சீஸ் நூல் நூலாக, ஒரு முழ நீளத்துக்கு இழுபட்டது. மற்ற பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே பழகியவள். “அம்மா, எனக்கும் இழுக்குது பாரு!” என்று துள்ளினாள். பத்து நிமிடத்தில் மேலுதடு வீங்கியது. கழுத்தில் தடிப்பு, விடாத இருமல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

மறுநாள் போய் சீஸ் பாக்கெட்டைக் காட்டச் சொன்னேன். மேனேஜர் முதலில் தயங்கினார், அப்புறம் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வந்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: தண்ணீர், பாமாயில், ஸ்டார்ச், சோடியம் கேசினேட். அதற்குக் கீழே ‘பால் உள்ளது’. “மேடம், இது பாமாயில்ல செய்றது, பால் ஊத்துறதே இல்லை” என்றார். அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கே தெரியவில்லை. எனக்குப் பயமே அதுதான்.

பசும்பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசின். பால் திரிந்தால் கட்டியாக நிற்பது அதுதான். அதைப் பிரித்துப் பொடியாக்கினால் கேசினேட். சீஸ் உருகி நூலாக இழுபடுவதற்காகவே இதைச் சேர்க்கிறார்கள். வெறும் தேங்காய் எண்ணெயும் ஸ்டார்ச்சும் கொண்ட சீஸ் பெரும்பாலும் அப்படி இழுபடாது. அந்த நூலைப் பார்த்ததுமே நான் தட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

‘லாக்டோஸ் ஃப்ரீ’ வேறு விஷயம். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. லாக்டேஸ் என்ற நொதியைச் சேர்த்து அதைக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைத்துவிடுகிறார்கள். புரதம் அப்படியே இருக்கும். பால் குடித்தால் வயிறு உப்பும் பெரியவர்களுக்கு அது சரி. அலர்ஜி உள்ள குழந்தைக்கு அதுவும் பால்தான்.

பச்சைப் புள்ளியும் உதவாது, பால் சைவக் கணக்கில்தான் வருகிறது. கேசின், கேசினேட், வே பவுடர் (பால் திரிந்தபின் பிரியும் தண்ணீரின் பொடி), பால் திடப்பொருள் என்று எது இருந்தாலும் வாங்காதீர்கள். பாக்கெட்டில் பால் இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதி இருக்கிறது. ஆனால் கடையில் சாப்பிடும் நமக்கு அந்தப் பாக்கெட்டைக் காட்டுவது யார்? கேளுங்கள். காட்டாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ‘வீகன்’ (பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேர்க்காதது) முத்திரை இருந்தாலும், அதே மெஷினில் பால் சீஸ் ஓடியிருக்கலாம். ‘பால் இருக்கக்கூடும்’ என்ற வரியையும் தேடுங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பாக்கெட்டின் படத்தோடு புகார் கொடுத்திருக்கிறேன். நேற்று அந்த வழியாகப் போனேன். பலகை இன்னும் வாசலில்தான் இருக்கிறது.