அகாடமியா, பள்ளி அணியா, சும்மா ஆட விடுவதா? குழந்தையின் விளையாட்டுக்குச் செலவழிக்கும் முன்

குழந்தைக்கு ஏழு எட்டு வயதானால் இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்துவிடும். பந்தை நன்றாக அடிக்கிறாள், வேகமாக ஓடுகிறான் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், "நல்ல அகாடமியா பார்த்துச் சேர்த்துவிடுங்களேன்" என்பதுதான் அடுத்த பேச்சு. சேர்க்கலாமா, பள்ளி அணியே போதுமா, சாயங்காலம் நண்பர்களோடு ஆட விட்டாலே சரியா? மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். செலவை மட்டும் பார்த்தால் போதாது. குழந்தை எத்தனை வருஷம் விளையாட்டில் நிலைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் பெரிய அளவுகோல்.

செலவு எங்கே போகிறது என்பதற்கு அமெரிக்கக் கணக்கு ஒன்று தெளிவாகக் கிடைக்கிறது. அங்கே ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பின்படி, 2024இல் ஒரு குழந்தையின் முதன்மை விளையாட்டுக்கு மட்டும் குடும்பங்கள் சராசரியாக 1,016 டாலர் செலவழித்தன. 2019ஐவிட இது 46 சதவீதம் அதிகம். அதே அமைப்பின் 2019 கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது: சராசரிக் குழந்தை ஒரு விளையாட்டில் மூன்று வருஷம்கூட நீடிப்பதில்லை, 11 வயதுக்குள் விட்டுவிடுகிறது. பணம் ஏறுகிற வேகத்துக்கும் பிள்ளைகள் நிலைக்கிற காலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் அகாடமி. அதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பயிற்சி பெற்ற கோச், நல்ல மைதானம், ஒழுங்கான நேரம், தன் அளவுக்கு ஆடும் எதிராளிகள் எல்லாம் அங்கே கிடைக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங், ஃபிகர் ஸ்கேட்டிங் மாதிரி சின்ன வயதிலேயே உச்சத்தைத் தொடும் விளையாட்டுகளுக்கு வேறு வழியும் பெரிதாக இல்லை. (அதிலும் இப்போது மாற்றம் வருகிறது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17ஆக உயர்த்துவது என்று சர்வதேசக் கூட்டமைப்பு 2022இல் முடிவெடுத்தது. சின்ன உடம்பை அவசரப்படுத்துவதில் உள்ள ஆபத்து அவர்களுக்கே தெரிந்துவிட்டது.)

ஆனால் கட்டும் பணம் முழுக்கப் பயிற்சிக்குப் போவதில்லை. சொன்ன அந்த 2019 கணக்கெடுப்பில் பெற்றோருக்குச் சராசரியாக அதிகம் செலவு வைத்தது பயணம்தான். சந்தாவும் உபகரணமும் அதற்குப் பிறகே. வெளியூர் டோர்னமென்ட், தங்கும் அறை, பெற்றோர் எடுக்கும் விடுப்பு என்று போகிற பணம், குழந்தையின் காலுக்கும் கைக்கும் ஒரு திறமையையும் சேர்ப்பதில்லை. பத்து வயதுக் குழந்தைக்கு நாலு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் எதிரணி, பக்கத்துத் தெரு எதிரணியைவிட எந்த விதத்தில் அவசியம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்தது உடம்பு. வருஷம் முழுக்க ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் வளர்கிற எலும்பும் தசைநாரும் தேய்கின்றன. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2016இல் சொன்ன ஆலோசனை: ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுங்கள். அந்த விளையாட்டிலிருந்து வருஷத்தில் மொத்தம் மூன்று மாதமாவது ஓய்வு கொடுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாளும் விடுங்கள். பல அகாடமிகளின் அட்டவணையில் இந்த மூன்று மாதத்துக்கு இடமே இருக்காது.

எனக்கு அதிகம் உறைத்தது இன்னொன்று. யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குடும்ப வருமானத்தில் எவ்வளவு பெரிய பங்கு குழந்தையின் விளையாட்டுக்குப் போகிறதோ, அவ்வளவுக்கு அந்தக் குழந்தை பெற்றோரின் அழுத்தத்தை உணர்ந்தது தெரியவந்தது. அழுத்தம் கூடிய இடத்தில் ஆட்டத்தின் சந்தோஷம் குறைந்தது, தொடர்ந்து ஆட வேண்டும் என்ற பிடிப்பும் குறைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது தொகையை இல்லை, பங்கை. வசதியான வீட்டுக்குச் சின்னச் செலவாக இருப்பது, இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்தும் வீட்டில் பெரிய பாரம். அந்தப் பாரம் நேராகக் குழந்தையின் தோளில் இறங்குகிறது. "உனக்காக இவ்வளவு செலவு பண்றோம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை. தோற்ற மேட்சுக்குப் பிறகு வீடு திரும்பும் வழியில் அப்பா பேசாமல் வந்தால் போதும், குழந்தை கணக்குப் போட்டுக்கொள்ளும். செலவே செய்யாதீர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மனசு வலிக்காமல் இழக்கக்கூடிய அளவுக்கு மேல் போகாதீர்கள் என்கிறேன்.

"சரி, ஆனால் பெரிய ஆட்டக்காரர் ஆக வேண்டுமென்றால் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டாமா?" என்பார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2021இல் ஒரு கட்டுரை வந்தது. உலகத் தரத்தைத் தொட்டவர்கள், அதற்கு ஒரு படி கீழே நின்றவர்களைவிடச் சிறுவயதில் பல விளையாட்டுகளை ஆடியிருந்தார்கள், தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள், ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியிருந்தார்கள். ஜூனியர் வயதில் ஜொலித்தவர்களிடம் இதற்கு நேர்மாறான பாதை தெரிந்தது. அகாடமி பன்னிரண்டு வயதில் வாங்கித் தரும் கோப்பை பொய் இல்லை. ஆனால் அது பன்னிரண்டு வயதுக்கான கோப்பை, அவ்வளவுதான்.

பள்ளி அணி அல்லது ஊர் கிளப்புக்கு வருவோம். செலவு குறைவு, நண்பர்கள் கூடவே இருக்கிறார்கள், சீசனுக்கு ஒரு விளையாட்டு மாறலாம். குறையும் சின்னதில்லை. பயிற்சியே பெறாத ஒருவர் விசிலோடு நிற்பார், நல்லா ஆடுகிற பதினொரு பேர் மட்டும் மைதானத்தில், மீதிப் பேர் வருஷம் முழுக்கப் பெஞ்சில். தேர்வு செய்வதிலும் ஒரு கோணல் உண்டு. வயதுப் பிரிவைக் கணக்கிடும் கட்-ஆஃப் தேதிக்கு அடுத்த மாதங்களில் பிறந்த பிள்ளைகள், அந்தப் பிரிவிலேயே மூத்தவர்கள் என்பதால் உயரமாகவும் பலமாகவும் இருப்பார்கள். கோச் அதைத் திறமை என்று நினைத்துவிடுகிறார். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் 1985லேயே ஆய்வாளர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். இது அகாடமிக்கும் பொருந்தும், அங்கே காசு கொடுத்து ஏமாறுகிறோம் என்பது கூடுதல்.

இந்த வகையைச் சரியாக நடத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு நார்வே நல்ல உதாரணம். குழந்தைகளின் விளையாட்டுக்கென்று 1987இல் விதிகள் கொண்டுவந்தார்கள், 2007இல் புதுப்பித்தார்கள். 11 வயது ஆகும் வருஷம்வரை புள்ளிப்பட்டியலோ தரவரிசையோ கிடையாது. 13 வரை தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. சுமார் 55 லட்சம் பேர் உள்ள அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது, ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் எந்த நாடும் அதுவரை தொடாத எண்ணிக்கை. பனியும் செல்வமும் அவர்களுக்குக் கைகொடுத்தன, விதிகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வயதில் பட்டியல் போடாததால் அவர்கள் ஒன்றையும் இழந்துவிடவில்லை.

மூன்றாவது, சும்மா ஆடுவது. காசில்லை, கோச் இல்லை. ஒரு பக்கம் ரொம்ப பலமாகிவிட்டால் பிள்ளைகளே ஆளை மாற்றிப் போட்டு ஆட்டத்தைக் காப்பாற்றுவார்கள். எந்த அகாடமியும் இதைச் சொல்லித்தருவதில்லை. ஆனால் இதைத் தனி வழியாக நம்பியிருக்கும் காலம் போய்விட்டது. இடம் இல்லை, வண்டிகள் அதிகம், இருட்டுவதற்குள் பெண் பிள்ளையைத்தான் முதலில் உள்ளே கூப்பிடுகிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் தினம் ஒரு மணி நேரம்கூட உடலை அசைப்பதில்லை. பெண் பிள்ளைகளில் அது 85. ஆகவே இலவச வழிக்கும் ஒரு விலை உண்டு, பெரியவர் ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அரசு உதவியிலும், அது எப்போது கைக்கு வருகிறது என்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கனடா 2007இல் விளையாட்டுக் கட்டணத்துக்கு வரிச்சலுகை கொடுத்துப் பார்த்தது. முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும், பிறகுதான் சலுகை. வசதியுள்ள குடும்பங்களே அதிகம் பயன்படுத்தின, பத்து வருஷத்தில் எடுத்துவிட்டார்கள். ஐஸ்லாந்தின் தலைநகரம் ரெய்க்யவிக் கட்டணத்திலேயே கழித்துக்கொள்ளும்படி பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது. கையில் காசில்லாத வீட்டுக்கு இதுதான் உதவும்.

நான் தேர்ந்தெடுப்பது இப்படி: 12 வயதுவரை பள்ளி அல்லது ஊர் கிளப்பில் வருஷத்துக்கு இரண்டு மூன்று விளையாட்டு, மிச்ச நேரம் சும்மா ஆட்டம். காசு கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் நீச்சல், அது உயிர் காக்கும். அப்புறம் காலுக்குச் சரியான ஷூ. 13க்கு மேல் குழந்தை தானாக வந்து அகாடமி கேட்டால், தாராளமாக. அப்போது சேர்க்கும் முன் அங்கே மூன்று விஷயம் கேட்பேன். ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள்? கட்டணத்தில் பயணத்துக்குப் போவது எவ்வளவு? நடுவில் மூன்று மாதம் வேறு விளையாட்டு ஆடிவிட்டு வந்தால் இடம் இருக்குமா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், கோச் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அங்கே முன்பணம் கட்ட மாட்டேன்.