மடக்கு வாக்கர்: வாங்கும் முன்னும், வாங்கிய பின்னும்

மதுரை பனகல் சாலைப் பக்கம் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும் அலுமினிய மடக்கு வாக்கர், வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்கு நல்ல துணை. உயரம் வைப்பதில்தான் தப்பு நடக்கிறது. செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். உயர்ந்தால் தோள் வலிக்கும், தாழ்ந்தால் கூன் விழும். நான்கு காலிலும் உயரத்தைப் பூட்டும் பட்டன் துளைக்கு வெளியே முழுதாக வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடி ரப்பர் தேய்ந்தால் ஈரமான மொசைக்கில் வழுக்கும், உடனே மாற்றுங்கள். நிலைப்படி உயர்ந்த பழைய வீட்டுக்குச் சக்கர மாடல் வேண்டவே வேண்டாம்.

பெரியவர்களின் உடல் தளர்ச்சி ஒரே நிலையில் நிற்பதில்லை, கூடும், குறையும். அவ்வப்போது 4 மீட்டர் நடக்கவைத்து நேரம் பாருங்கள். 5 நொடியைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தாலே கால் வலு இறங்கிவிடும். பயிற்சியும் முட்டை, பருப்பும் சேர்ந்தால் பலர் தேறுகிறார்கள். அப்போது வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறலாமா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.