பாராடாங் ‘சேற்றுக் குளியல்’: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அந்தமானின் பாராடாங் தீவிலுள்ள சேற்று எரிமலையில் இறங்கிக் குளிக்கலாம் என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அங்கே இறங்க முடியாது, வேலி போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஆளுக்கு 4,500 ரூபாய் வீதம் ஐந்து பேருக்கு 22,500 ரூபாய் கட்டி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

அப்பா மன்னார்குடிப் பக்கம் நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவர். என் பிள்ளைகள் சென்னை அடுக்குமாடியில் வளர்கிறவர்கள். பரம்படித்த வயலில் கால் வைத்தால் விரலிடுக்கில் சேறு பிதுங்கி வருமே, அந்தச் சுகம் அவர்களுக்குத் தெரியாது. அரையாண்டு விடுமுறைக்கு அந்தமான் என்று முடிவானதும், சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கூம்பு மாதிரி ஒரு சிறு குன்று, ஏறிப்போக மரப்படி, உச்சியில் சாம்பல் நிறச் சேற்றில் கழுத்தளவு மூழ்கிச் சிரிக்கிற மனிதர்கள். “இதான் சார் பாராடாங். அப்பாவோட மூட்டுவலிக்கும் நல்லது” என்றார். மூட்டுவலி என்றதும் நான் மறுபேச்சு பேசவில்லை.

போர்ட் பிளேரிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, கான்வாயாகத்தான் விடுகிறார்கள். அதற்குப் பிறகு சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதிக்குள் போகிறது. வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, உணவு எதுவும் நீட்டக்கூடாது. 1956ஆம் ஆண்டிலிருந்தே அவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஏஜென்ட், “வழியில ஜாரவாவையும் பாக்கலாம், பசங்களுக்கு ஜாலியா இருக்கும்” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மனிதர்களை வேடிக்கைப் பொருளாக விற்கிறவரிடம் அப்போதே பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் ஃபெர்ரி ஏறி அக்கரை போய், ஜீப்பில் கொஞ்ச தூரம், பிறகு ஏற்றத்தில் நடை. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஏறினார். மேலே போய்ப் பார்த்தால் காய்ந்து வெடித்த சாம்பல் மண், நடுவே சின்னச் சின்ன மேடுகள், அவற்றின் வாயில் சேறு அவ்வப்போது குமிழியிட்டு உடைகிறது. நிலத்தடியில் மட்கும் பொருட்களிலிருந்து உண்டாகும் வாயு, களிமண்ணையும் நீரையும் மேலே தள்ளுகிறது. நெருப்புக் குழம்பு கிடையாது, சேறும் சுடாது. இயற்கையின் வேலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது அருமையான இடம், அதில் எனக்குக் குறையே இல்லை. குளிக்கலாம் என்று சொல்லி அழைத்துப்போனதுதான் மோசடி. மாற்றுத்துணியும் துண்டும் பையிலேயே இருந்தன. சின்னவன் அழுதுவிட்டான்.

இதற்குப் பின் நடந்ததை நினைத்தால் இன்னும் பதறுகிறது. ஏஜென்ட் ஏற்பாடு செய்திருந்த டிரைவரிடம் சண்டை போட்டேன். சமாதானப்படுத்த அவர், “அலையாத்திக் காட்டோரம் நல்ல சேறு இருக்கு, அங்க இறக்கி விடறேன்” என்றார். சம்மதித்துவிட்டேன். துறைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த தமிழ் அக்கா ஒருவர், துண்டோடு பிள்ளைகள் போவதைப் பார்த்து ஓடி வந்தார். “அண்ணே, புள்ளைங்கள எறக்காதீங்க. இந்த உப்பங்கழியில முதல இருக்கு” என்றார். டிரைவருக்கு அது தெரியாதா என்ன? அந்தமானின் கழிமுகங்களில் இருப்பவை உவர்நீர் முதலைகள், மனிதரைக் கொல்லக்கூடியவை. 2010இல் ஹேவ்லாக் தீவில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் முதலையால் கொல்லப்பட்டிருக்கிறார். முதலை இல்லாவிட்டாலும் அந்தச் சேறு ஆபத்தானதுதான். சேற்றுக்குள்ளிருந்து குத்திட்டு நிற்கும் சுவாச வேர்கள் காலைக் கிழிக்கும், ஆழம் எவ்வளவு என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. வயல் சேறு வேறு, கழிச் சேறு வேறு. அப்பா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “வயல்ல அடியில கெட்டித் தரை இருக்கும்டா. இதுக்கு அடி எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

இரவு விடுதியில் மகள், ஏஜென்ட் அனுப்பிய அந்தப் படத்தை, படத்தை வைத்தே தேடித்தரும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தாள். அது தென்னமெரிக்காவில், கொலம்பியாவின் கார்த்தஹேனா நகருக்குப் பக்கத்திலுள்ள எல் டோட்டுமோ. அங்கே உண்மையிலேயே மரப்படி ஏறிச் சேற்றுக்குள் இறங்குகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் போதும். நீங்கள் செய்துவிடுங்கள்.

ஏஜென்ட்டைக் கேட்டால், “படம் ஒரு மாதிரிக்குத்தான் சார்” என்கிறார். ரசீதை எடுத்துப் பார்த்தேன். ‘பாராடாங் ஒருநாள் டிரிப்’ என்று மட்டும் இருந்தது, குளியல் என்ற சொல்லே இல்லை. அவர் வாயால் சொன்ன எதற்கும் எங்களிடம் சாட்சி இல்லை. அதனால் எங்கே இறங்கலாம், யார் அனுமதி, கழுவ நல்ல தண்ணீர் உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். அங்கே உள்ளூரில் விசாரித்தபோது இதே பயணத்துக்கு நாங்கள் கொடுத்ததில் பாதிகூட ஆகாது என்றார்கள்.

எனக்கு இன்னும் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. நேற்று மே மாத விடுமுறைப் பேக்கேஜ் என்று அதே கொலம்பியாப் படத்தை அந்த ஏஜென்ட் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.