கட்டடமா, பயிற்சியா: கடலூர் கிராமங்களின் மருத்துவத்துக்கு எது முதலில்?

கடலூர் மாவட்டக் கிராமங்களின் மருத்துவத்துக்கு வரும் நிதியைக் கட்டடத்தில் இடுவதா, பணியாளர் பயிற்சியில் இடுவதா என்ற கேள்வியில், கட்டடத்தின் பக்கமும் வலுவான நியாயம் உண்டு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவுகோல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கிய இக்கரையில், மேட்டில் உறுதியாக எழுப்பிய நிலையமே வெள்ள நாளிலும் பிரசவம் பார்க்க உதவும்.

ஆனால், காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயலில் நாற்று நடுபவரைப் பாம்பு கடித்தால், குளிர்பெட்டியில் நச்சுமுறி மருந்து இருப்பது மட்டும் போதாது. இரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடச் சோதனையால் கண்டறியவும், மூச்சுத் தசைகள் தளர்கின்றனவா என்று கவனிக்கவும், அம்மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கினால் தாமதமின்றி அட்ரினலின் செலுத்தவும் பழகிய செவிலியரும் மருத்துவரும் அந்த இரவில் அங்கே இருக்க வேண்டும்.

பயின்றவர் நகரத்துக்குப் போய்விடுவது பயிற்சியின் குறை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைச் சேர்ப்பதுபோல், உள்ளூராரையே பயிற்றுவிப்பது அதற்கு நல்ல விடை. எனவே, ஒழுகாத கூரையுடன் நிலையம் ஏற்கெனவே உள்ள ஊர்களில், புதிய நிதி பயிற்சிக்கும் செவிலியர் குடியிருப்புக்குமே முதலில் செல்ல வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.